நீம் நகரத்துக் கோடையும் ஒரு மிதிவண்டியும்: த்ரூஃபோவின் ‘லே மிஸ்தோன்’

வணக்கம் நண்பர்களே. இன்றைய பதிவில் ஒரே ஒரு குறும்படத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். 1957ஆம் ஆண்டுக் கோடையில், தென் பிரான்சிலுள்ள நீம் என்ற ஊரில், பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ எடுத்த ‘லே மிஸ்தோன்’ என்ற கறுப்பு வெள்ளைப் படம் அது. இன்று பரவலாகக் கிடைக்கும் பிரதி ஏறத்தாழ 18 நிமிடங்கள் ஓடுகிறது. அந்த 18 நிமிடங்களைக் கடந்த ஒரு வாரத்தில் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. ஆனால் மூன்று முறை பார்த்ததை மட்டும் உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை ஒலியை முழுவதுமாக அணைத்துவிட்டுப் பார்த்தேன். இன்னொரு முறை திரையைத் துணியால் மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். அந்த மூன்றாவது முறைதான் இந்தப் படம் என்ன செய்திருக்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது.

படத்தின் காட்சிகள் எதையும் இங்கே ஓட்டிக் காட்ட மாட்டேன். அவற்றின் உரிமை எனக்கில்லை. ஆகவே முடிந்தவரை சொற்களாலேயே காட்டுகிறேன்.

கதை மிக எளியது. பெர்னதெத் என்ற இளம்பெண் மிதிவண்டியில் ஊரைச் சுற்றி வருகிறாள். பள்ளி விடுமுறையில் பொழுது போகாமல் திரியும் ஐந்து பையன்கள் அவளைப் பார்க்கிறார்கள். அவளிடம் தங்களுக்கு ஏற்பட்டிருக்கும் ஈர்ப்புக்கு என்ன பெயர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கு ழெரார் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் மீது காதல். அந்த இருவரையும் பையன்கள் ஊரெல்லாம் பின்தொடர்கிறார்கள், ஒளிந்து பார்க்கிறார்கள், சீண்டுகிறார்கள், கலைத்துவிடுகிறார்கள். பிறகு ழெரார் மூன்று மாதங்கள் வெளியூர் செல்கிறான். திரும்பி வந்ததும் திருமணம் என்பது ஏற்பாடு. அவன் திரும்பி வரவில்லை. இவ்வளவுதான் கதை.

‘மிஸ்தோன்’ என்பது தென் பிரான்சு வட்டாரத்தில் புழங்கும் சொல். குறும்பு செய்து திரியும் சிறுவனை அப்படி அழைப்பார்கள். தமிழில் ‘வாண்டு’ என்ற சொல்லே அதற்கு மிக அருகில் வருகிறது என்று நினைக்கிறேன். வாண்டு என்று சொல்லும்போது அதில் கோபமும் இருக்கிறது, செல்லமும் இருக்கிறது. ‘லே’ என்பது பெயருக்கு முன்னால் வந்து பன்மையைக் காட்டும் சொல். ஆகவே படத்தின் பெயரே ‘வாண்டுகள்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் காட்சியைச் சொல்கிறேன். பெர்னதெத் வெறுங்காலுடன், வெளிர்நிறப் பாவாடை காற்றில் படபடக்க, மிதிவண்டியை மிதித்துக்கொண்டு வருகிறாள். கேமரா அவளுடனேயே நகர்கிறது. மரங்கள் பின்னால் ஓடுகின்றன, வெயில் இலைகளின் வழியே விழுந்து விழுந்து எழுகிறது. அவள் எங்கே போகிறாள், என்ன வேலையாகப் போகிறாள் என்ற கேள்வியே எழாதபடி அந்த ஓட்டம் நீண்டுகொண்டே போகிறது. இதைப் பார்த்தபோது எனக்கு நம் உலா இலக்கியம் நினைவுக்கு வந்தது. உலாவில் மன்னன் யானை மீதேறி வீதியில் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு மயங்குவார்கள். அந்த ஏழு பேரில் பேதைப் பருவத்துச் சிறுமியின் பகுதிதான் எனக்கு எப்போதும் மிகவும் பிடித்தது. ஏனென்றால் தனக்கு என்ன நேர்ந்தது என்றே அறியாத வயது அது. த்ரூஃபோ உலாவை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அவர் அதையே தலைகீழாக எடுத்து வைத்ததுபோல இருக்கிறது. இங்கே வீதியில் வருபவள் ஒரு பெண், யானைக்குப் பதில் மிதிவண்டி, பார்த்து நிற்பவர்கள் ஐந்து ஆண் ‘பேதைகள்’.

இனி அந்தச் சோதனைக்கு வருகிறேன். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் இது முழுக்க முழுக்க ஒரு சேட்டைப் படம். சிறுவர்கள் புதரிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள், ஓடுகிறார்கள், விழுகிறார்கள், டென்னிஸ் மைதானத்துக் கம்பி வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறார்கள். திரையரங்கில் காதலர்கள் முத்தமிட்டுக்கொள்ளும்போது பின்வரிசையில் இருந்து கலாட்டா செய்கிறார்கள். ஒரு தோட்டக்காரர் குழாயால் நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். நீர் நின்றுவிட, என்னவென்று குழாயின் முனையைப் பார்க்கும்போது அது அவர் முகத்திலேயே பீறிட்டு அடிக்கிறது. இது லூமியேர் சகோதரர்களின் 1895ஆம் ஆண்டுச் சிறு நகைச்சுவைப் படத்துக்குச் செலுத்தப்பட்ட வணக்கம். திரைப்படம் பிறந்த ஆண்டிலேயே பிறந்த நகைச்சுவையை, தன் தொடக்ககாலப் படமொன்றில் ஓர் இளைஞர் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார். ஆனால் மனம் திறந்து சொன்னால், அந்த இடம் படத்தோடு ஒட்டவில்லை. மேற்கோளாகவே நின்றுவிடுகிறது.

ஒட்டி நிற்கும் இடம் வேறொன்று இருக்கிறது. சிறுவர்கள் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறார்கள். கையில் துப்பாக்கி இல்லை, வெறும் பாவனைதான். ஒருவன் சுடுகிறான், இன்னொருவன் குண்டடி பட்டவனாகச் சாய்ந்து விழுகிறான். விழுந்தவன் மறுகணம் அப்படியே மேலெழும்பி நின்றுவிடுகிறான். படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டிச் செய்த வேலை அது. முதல்முறை பார்த்தபோது சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன். ஆனால் கதையின் முடிவு தெரிந்த பிறகு மீண்டும் அந்த இடத்துக்கு வந்தால் சிரிப்பு வருவதில்லை. சிறுவர்களின் உலகத்தில் செத்தவன் எழுந்துவிடுகிறான்.

அடுத்ததாக, திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். அப்போது கிடைப்பது முற்றிலும் வேறொரு படம். நடுவயது ஆண் ஒருவரின் நிதானமான குரல், இலக்கிய நடையில், அந்தக் கோடையை நினைவுகூர்ந்து பேசிக்கொண்டே போகிறது. ஐவரில் ஒருவன் வளர்ந்து பெரியவனாகிப் பேசுகிறான் என்பது புரிகிறது. ஆனால் அவன் அந்த ஐவரில் எவன் என்பதைப் படம் சொல்வதேயில்லை. அந்தக் குரலின் நடை மொரீஸ் போன்ஸ் என்ற எழுத்தாளரிடமிருந்து வந்தது. 1955இல் வெளிவந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பிலுள்ள ஒரு கதையையே த்ரூஃபோ படமாக்கினார். சிறுவர்களைப் பற்றிய கதையாக இருந்தும் அதன் மொழி சிறுவர் மொழி அல்ல. நன்கு கற்ற, சற்றே வருந்துகிற, ஒவ்வொரு வாக்கியத்தையும் எடை போட்டு வைக்கிற மொழி.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் நான் இன்று சொல்ல விரும்புவது. படத்தில் தெரியும் சிறுவர்களிடம் ஆசை இருக்கிறது, சொல் இல்லை. பின்னணியில் ஒலிக்கும் குரலிடம் சொல் இருக்கிறது, அந்த ஆசை இல்லை. அது இருந்த இடம் மட்டும் நினைவிருக்கிறது. ஓடிக் களைத்து மூச்சு வாங்கும் ஐந்து முகங்களின் மீது, இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வரவேண்டிய சொற்கள் வந்து விழுந்துகொண்டிருக்கின்றன. உரிய காலத்தில் அந்தச் சொற்கள் கிடைத்திருந்தால் அந்தப் பையன்கள் ஒருவேளை அவளிடம் போய் ஒரு வணக்கமாவது சொல்லியிருப்பார்கள். கிடைக்காததால்தான் அன்பு செலுத்த வேண்டிய இடத்தில் சேட்டை செய்தார்கள். அவளை நேசிக்க வயது போதாது என்பதால் அவளை வெறுப்பது என்றும், அவளுடைய காதலுக்கு இடையூறு செய்வது என்றும் அவர்கள் முடிவு செய்தார்கள் என்ற பொருளில் அந்தக் குரல் ஓரிடத்தில் பேசுகிறது. நான் கேட்ட ஒப்புதல் வாக்குமூலங்களில் இவ்வளவு நேர்மையானது குறைவு.

இங்கே தமிழ் அறிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு நுட்பம் உண்டு. அந்தக் குரல் கிட்டத்தட்ட எப்போதும் பன்மையிலேயே பேசுகிறது. பிரெஞ்சில் அதற்கு ஒரே சொல்தான்; கேட்பவரையும் சேர்த்துச் சொன்னாலும் சேர்க்காமல் சொன்னாலும் அதே சொல். நமக்கோ ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. இதை மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே கேட்டபோது, ஒவ்வொரு முறையும் ‘நாங்கள்’ என்றே வந்தது, ஓரிடத்திலும் ‘நாம்’ வரவில்லை. அந்த நாங்களுக்குள் பெர்னதெத் இல்லை, ழெரார் இல்லை, படம் பார்க்கும் நானும் இல்லை. ஐந்து பேர் தோளோடு தோள் சேர்ந்து கட்டிக்கொண்ட சுவர் அது. ஒருவன் மட்டும் தனியாக ஆசைப்பட்டால் வெட்கம், ஐவரும் சேர்ந்து ஆசைப்பட்டால் விளையாட்டு. அந்த வயதில் அந்தப் பன்மை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது அதற்குள் ஒளிந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரே ஓரிடத்தில் மட்டும் அந்தச் சுவர் திறக்கிறது. படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் குறிப்பிடும் இடம் அது. பெர்னதெத் மிதிவண்டியை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு ஆற்றில் நீந்தப் போயிருக்கிறாள். பையன்களில் ஒருவன் அந்த வண்டியை நெருங்குகிறான். அவள் அமர்ந்திருந்த இருக்கையின் மேல் மெல்லக் குனிந்து, கண்ணை மூடி, பூவை முகர்வதுபோல முகர்கிறான். அதுவரை இயல்பான வேகத்தில் ஓடிய படம் அங்கே மட்டும் மெதுவாகிறது. சில நொடிகள்தான். இதைக் கேட்கும்போது உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். சொல்லும் எனக்கும் இருக்கிறது. ஆனால் படத்தில் அது கூச்சமாக இல்லை. அந்தப் பையனின் முகத்தைப் பாருங்கள். திருடுகிறவனின் பரபரப்போ, பிறரைச் சிரிக்க வைக்கும் எண்ணமோ அதில் இல்லை. கோயிலில் யாரும் சொல்லித் தராமலேயே கைகூப்பும் குழந்தையின் முகம் அது. மெதுவாக ஓடும் காட்சி என்பது இன்றைக்கு எல்லாப் பாடல்களிலும் வந்து தேய்ந்துபோன உத்தி. அங்கே அதற்கு ஒரு காரணம் இருந்தது: நினைவு தங்கி நிற்க விரும்பும் இடத்தில் காலத்தை நீட்டித் தருவது.

படம் உருவான சூழலையும் சற்றுச் சொல்ல வேண்டும். அப்போது த்ரூஃபோவுக்கு வயது 25. அதற்கு முன் 1954இல் நண்பர்களோடு சிறியதொரு படத்தை எடுத்துப் பார்த்திருந்தார் என்றாலும், ஊரறிய அவர் ஒரு விமர்சகர். அதுவும் எல்லோரும் அஞ்சிய விமர்சகர். ‘கையே து சினிமா’ என்ற திரைப்பட இதழின் 1954 ஜனவரி வெளியீட்டில் அவர் எழுதிய கட்டுரை, அன்றைய பிரெஞ்சுத் திரையுலகில் மதிக்கப்பட்ட திரைக்கதை ஆசிரியர்களையும் இயக்குநர்களையும் நேருக்கு நேராகத் தாக்கியது. அந்தச் சண்டை இந்தக் குறும்படத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு திரைப்படச் சுவரொட்டியைப் பையன்கள் கிழித்து எறிகிறார்கள். அது ழான் தெலனுவா இயக்கிய, சிறுவர்களைப் பற்றிய 1955ஆம் ஆண்டுப் படத்தின் சுவரொட்டி. குழந்தைகளைப் பொய்யாகக் காட்டும் படங்கள் மீது த்ரூஃபோவுக்கு இருந்த கோபத்தைக் குழந்தைகளின் கையாலேயே அவர் தீர்த்துக்கொள்கிறார். அதேபோல, திரையரங்கக் காட்சியில் திரையில் ஓடுவது அவருடைய நண்பர் ழாக் ரிவெத் அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த குறும்படம். பகைவருக்குக் கிழிசல், நண்பருக்குத் திரை. இருபத்தைந்து வயதில் இவ்வளவு வெளிப்படையாக இருக்க முடிந்திருக்கிறது.

அந்த ஆண்டுதான் அவர் சொந்தமாகத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். இயக்குநர் ழான் ரெனுவாரின் 1952ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் வரும் பொற்தேரை நினைத்து, நிறுவனத்துக்கும் தேர் என்ற பொருளில் பெயர் வைத்தார். அவர் இறந்த 1984 வரை அந்த நிறுவனமே அவருக்குக் கூரையாக இருந்தது. ஒளிப்பதிவு செய்தவர் ழான் மாலிழ். இசை மொரீஸ் லெ ரூ. பையன்கள் ஐவரும் உள்ளூர்ப் பிள்ளைகள், நடிகர்கள் அல்லர்.

ஆனால் இந்தப் படத்தின் உயிர் பெர்னதெத் லாஃபோன். அவர் நீம் நகரிலேயே 1938இல் பிறந்தவர். படப்பிடிப்பு நடந்தபோது வயது 18. அதற்குமுன் திரையில் தோன்றியதேயில்லை. ழெராராக நடித்த ழெரார் பிளேன் அப்போது அவருடைய கணவர், அந்த 1957இல்தான் மணமானவர்கள். கதைமாந்தர்களுக்கு நடிகர்களின் பெயரையே வைத்துவிட்டார் த்ரூஃபோ. ஆகவே நாம் திரையில் காண்பது பாதி கதை, பாதி உண்மையான ஒரு புதுமணத் தம்பதியின் கோடை. ரோமானியர்கள் கட்டிவைத்த வட்டரங்கின் கற்படிகளில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் தேடிக் கொஞ்சும் காட்சியில், அந்தக் கற்களின் வயது ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தேன். கற்கள் அப்படியே இருக்கின்றன. அந்த மணவாழ்வு சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. பிளேன் 2000இலும், லாஃபோன் 2013இலும் மறைந்தார்கள். த்ரூஃபோவும் அவரைப் போன்ற இளம் பிரெஞ்சு இயக்குநர்களும் அடுத்து எடுத்த, ‘புதிய அலை’ என்று அழைக்கப்பட்ட படங்களில் இருவருக்கும் முக்கிய இடம் கிடைத்தது. இருவரும் அந்த இயக்குநர்களில் ஒருவரான குளோத் ஷப்ரோலின் முதல் படத்தில் மீண்டும் சேர்ந்து நடித்தார்கள். ஆனால் லாஃபோனை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்த மிதிவண்டிதான்.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காதலர்கள் இருவரும் தனியாகப் பேசும் இடங்கள் விறைப்பாக இருக்கின்றன. அந்த உரையாடலில் காதலர்கள் இல்லை, கதையாசிரியர் இருக்கிறார். சிறுவர்கள் ஓடத் தொடங்கியதும் படம் மூச்சு விடுகிறது. இதை த்ரூஃபோவே உணர்ந்திருந்தார். கதைக்காகத் திட்டமிட்டு எடுத்த பகுதிகளைக் காட்டிலும் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டு எடுத்த பகுதிகளே தமக்கு நிறைவு தந்தன என்ற கருத்தைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டே ஆண்டுகளில், 1959இல், ஒரு சிறுவனைப் பற்றிய முழுநீளப் படத்துக்காகக் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றார் என்றால், அந்த வழி நீம் நகரத் தெருக்களில்தான் அவருக்குத் தெரிந்தது.

இன்னொரு கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு பெண்ணை ஐந்து பேர் பின்தொடர்வதை நாம் சிரித்துக்கொண்டு பார்க்கலாமா? நானே ஒரு பெண்ணுக்கு அண்ணன். பின்தொடரப்படுவது என்றால் என்னவென்று வீட்டில் கேட்டு அறிந்தவன். பின்தொடர்வதைக் காதலின் அடையாளமாகக் காட்டும் படங்களை என்னால் ரசிக்க முடியாது. இந்தப் படத்தை ரசிக்க முடிவதற்குக் காரணம், அது அந்தப் பையன்களுக்கு வெற்றி எதையும் தரவில்லை என்பதே. பெர்னதெத் அவர்களைத் திரும்பிப் பார்த்து மயங்குவதில்லை, மன்னித்துப் புன்னகைப்பதும் இல்லை. குரலில் பெருமிதம் துளியும் இல்லை. அது தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

இனி, படத்தில் வரும் ஓர் அஞ்சலட்டைக்கு வருகிறேன். ழெரார் ஊரில் இல்லாத நாட்களில், பையன்கள் கடையில் ஓர் அட்டை வாங்குகிறார்கள். காதலர்கள் முத்தமிட்டுக்கொள்ளும் படம் போட்ட, மலிவான அட்டை. அதில் அவளைச் சீண்டும் வாசகத்தை எழுதி, வாண்டுகள் என்று கையெழுத்திட்டு பெர்னதெத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கோடை முழுவதும் செய்த சேட்டைகளின் உச்சம் அது. பிறகு செய்தி வருகிறது: மலையேற்றத்தில் நேர்ந்த விபத்தில் ழெரார் இறந்துவிட்டான். படம் அழுகையைக் காட்டவில்லை, அவள் வீட்டைக் காட்டவில்லை. அந்த அட்டையை அவள் எப்போது படித்தாள், எந்த முகத்தோடு படித்தாள் என்பதையும் காட்டவில்லை. ஒலியை அணைத்துப் பார்த்த முறை எனக்கு நகைச்சுவையாகவே தெரிந்த அட்டை, குரலோடு சேர்த்துப் பார்த்தபோது கையில் எடுக்கவே கூசும் பொருளாகிவிட்டது. அந்த ஐவரில் யார் கையெழுத்தில் அது எழுதப்பட்டது? குரல் ‘நாங்கள்’ என்றே சொல்கிறது. எழுதிய கை ஒன்றாகத்தானே இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த மனிதன் பன்மையைவிட்டு வெளியே வர முடியாமல் இருப்பதற்கு அந்தக் கைதான் காரணமோ என்றும் தோன்றியது.

கடைசிக் காட்சி. மரங்கள் நிழல் விரித்த தெரு. பையன்கள் இருக்கிறார்கள். பெர்னதெத் வருகிறாள். கறுப்பு உடை. பாவாடை படபடக்கவில்லை. மிதிவண்டி இல்லை, நடந்து வருகிறாள். அவர்களைக் கடந்து போகிறாள். அவள் கண்ணில் அவர்கள் படவேயில்லை. கோடை முழுவதும் அவள் தங்களைக் கவனிக்க வேண்டும் என்பதற்காக என்னென்னவோ செய்த ஐந்து பேர், அவள் போகும் திசையைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறார்கள்.